என்.எம்.எம்.எஸ்.: தேர்வில் ஜெயித்த பிள்ளைக்குப் பணம் வந்து சேர...

எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கக் கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், வருமானம் குறைந்த வீட்டில் வேறொரு கணக்கு தொடங்கிவிடும்: இவன் வேலைக்குப் போனால் மாசம் எவ்வளவு கிடைக்கும்? அந்தக் கணக்குக்குப் பதிலாகத்தான் 2008-ல் ஒன்றிய அரசு தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகையை (என்.எம்.எம்.எஸ்.) கொண்டுவந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. நாடு முழுக்க ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்கு; தமிழ்நாட்டின் பங்கு 6,695.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. மனத்திறன், படிப்பறிவு என இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிடம்.

பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளை ஜெயிக்க வைக்கும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். பணம் தவறிப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. தேர்வானதும் ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். அதோடு முடியாது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பத்தைப் பள்ளி சரிபார்த்து அனுப்பி, மாவட்ட அளவிலும் ஒப்புதல் ஆனால்தான் தொகை பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதாரில் 'எஸ். கவிதா', வங்கிப் புத்தகத்தில் 'கவிதா செ' என்று இருந்தால் அங்கேயே சிக்கல். ஆதார் இணைக்காத கணக்கும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இவற்றைச் சரிசெய்துவிடுங்கள்.

மதிப்பெண் நிபந்தனையும் தொடர்ந்து உண்டு. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (பட்டியலின, பழங்குடியினருக்கு 55) எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்புக்குத் தொகை. ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். கஷ்டப்படுகிற பிள்ளை ஓராண்டு சறுக்கினால் உதவி நின்றுபோவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்போதுதான் அது அதிகம் தேவைப்படும். மாதம் 500 ஆக இருந்தது 2017-ல் 1,000 ஆனது. அன்றைய 1,000-க்கு இன்று அதே மதிப்பு இல்லை, உயர்த்தியே ஆக வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க: மாறினால் மிச்சமிருக்கும் இரண்டு ஆண்டுக்கான 24,000 ரூபாய் கிடைக்காது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.