தாய்க்கோழிக்குப் போட்ட ஊசி குஞ்சுவரை போய்ச் சேர்கிறதா?

கறிக்கோழிப் பண்ணையில் கம்போரோ என்ற வைரஸ் நோய் வந்தால், பழி முதலில் விழுவது அங்கே தண்ணீரில் கலந்து கொடுத்த தடுப்பு மருந்தின் மேல்தான். ஆனால் கோளாறு பல மாதங்களுக்கு முன்பே தாய்க்கோழி ஷெட்டில் நடந்து முடிந்திருக்கலாம்.

கம்போரோ வைரஸ் குறிவைப்பது, ஆசனவாய்க்கு மேலே இருக்கும், குஞ்சின் எதிர்ப்பாற்றலை வளர்க்கும் பர்சா என்ற சுரப்பியை. 3 முதல் 6 வார வயதில் தாக்கினால் வெண்கழிச்சல், தொடைத்தசையில் ரத்தத்திட்டு, சாவு எல்லாம் கண்ணில் படும். 3 வாரத்துக்குள் தாக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. பர்சா மட்டும் அழிந்துபோகும். பிறகு வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) போடும் லசோட்டா தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது, ஈகோலை தொற்றும் பின்னாலேயே வரும். இந்த வயதில் குஞ்சைக் காப்பது தாயின் ரத்தத்திலிருந்து மஞ்சள்கருவுக்கு இறங்கிய எதிர்ப்பாற்றல்தான்.

அதற்காகத்தான் தாய்க்கோழிக்கு வளரும் பருவத்தில் உயிருள்ள மருந்தும் (வீரியம் குறைத்த உயிர் வைரஸ்), 16 முதல் 18 வாரத்தில் எண்ணெய் கலந்த கில்டு ஊசியும் (கொல்லப்பட்ட வைரஸ்) போடுகிறோம். கோழிக்கு 0.5 மி.லி., கழுத்துத் தோலுக்கு அடியிலோ நெஞ்சுத் தசையிலோ. உயிருள்ள மருந்து முன்னால் போகாவிட்டால் கில்டு ஊசியின் பலன் குறைவாகவும் குறுகியதாகவும் இருக்கும். இரண்டுக்கும் இடையே 4 முதல் 6 வாரமாவது விட வேண்டும்.

ஊசி போடும் நாளில்தான் பாதிக் காரியம் கெடுகிறது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. உறைந்து எண்ணெயும் நீரும் பிரிந்து, குலுக்கியும் சேராத பாட்டிலைத் தூக்கி எறியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எண்ணெய் கெட்டியாக இருக்கும். சிரிஞ்சு முழு அளவைத் தள்ளாது, ஊசி போட்ட இடமும் வீங்கும். சில மணி நேரம் வெளியே வைத்து, அறைச் சூடு வந்தபின் நன்றாகக் குலுக்கிப் போடுங்கள். கழுத்தில் போடும்போது தோலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் மருந்து இறகில்தான் போகும். கழுத்திறகு பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று இடையிடையே தடவிப் பாருங்கள். மாலையாகி ஆட்கள் களைத்தபின் இது அதிகம் நடக்கும். 500 மி.லி. பாட்டில் 1000 கோழிக்கு. கணக்கில் மருந்து மிஞ்சினால் ஊசி விழாத கோழிகள் ஷெட்டில் இருக்கின்றன என்று பொருள்.

ஊசி ஆளின் விரலில் ஏறிவிட்டால், ஒரு சொட்டுதானே என்று விடக்கூடாது. எண்ணெய் மருந்து ரத்த ஓட்டத்தை அடைத்து விரலையே இழக்கச் செய்யலாம். மருந்துப் பெட்டியில் உள்ள தாளோடு உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

குஞ்சு ரத்தசோகை வைரஸுக்கும், குஞ்சுகளுக்கு நடுக்கம் தரும் மூளை அழற்சி வைரஸுக்கும் உயிருள்ள மருந்தை முட்டையிடத் தொடங்குவதற்கு 4 வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். தாமதித்தால் மருந்து வைரஸே முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கிவிடும்.

கில்டு ஊசி போட்டு 4 வாரம் கழித்து 20 கோழியிடமாவது ரத்தம் எடுத்து எலைசா (எதிர்ப்பாற்றலை அளக்கும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். பலரும் சராசரி டைட்டரை, அதாவது எதிர்ப்பாற்றலின் அளவெண்ணை, பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். எனக்குச் சராசரியைவிட கோழிக்குக் கோழி உள்ள ஏற்றத்தாழ்வுதான் முக்கியம். கறிக்கோழிக் குஞ்சின் டைட்டர் சுமார் 3 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். முதல் 4 நாள் மஞ்சள்கரு உறிஞ்சப்படுவதால் பெரிதாக இறங்காது. வீரியம் கூடிய இன்டர்மீடியட் பிளஸ் மருந்து பிடிக்க டைட்டர் 500 அளவுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (பரிசோதனைக் கிட்டுக்குக் கிட்டு இது மாறும்). முதல் நாளில் 4000 இருந்த குஞ்சு 13-ஆம் நாள் தயாராகும். 1000 இருந்தது 7-ஆம் நாளே. இரண்டும் ஒரே ஷெட்டில் இருந்தால் எந்த நாளில் மருந்து கொடுத்தாலும் ஒரு பங்குக்கு வீண்தான். சீக்கிரம் கொடுத்தால் தாயின் எதிர்ப்பாற்றல் மருந்தையே கொன்றுவிடும், தாமதித்தால் பண்ணை வைரஸ் முந்திக்கொள்ளும்.

இளம் தாய்க்கூட்டத்துக் குஞ்சையும் 55 வாரக் கூட்டத்துக் குஞ்சையும் ஒரே ஷெட்டில் இறக்கினாலும் இதே சிக்கல்தான். முடிந்தவரை குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியிலேயே தாய்க்கூட்ட வாரியாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். 40 வாரத்துக்குமேல் தாயின் டைட்டர் சரிந்தால் மீண்டும் ஒரு கில்டு ஊசி போடலாம். ஆனால் கோழியைப் பிடிக்கும்போது முட்டை குறையும் என்பதால் எலைசா பார்த்தபின்தான் முடிவெடுக்க வேண்டும்.