பிரஷர் வோஷருக்கு மசியாத ஒட்டடை

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நெருங்கினால் பிரஷர் வோஷர்களுக்கு ஓய்வே கிடையாது. கெஸ்ட் ஹவுஸ் மதில், ஹோட்டல் முகப்பு, பழைய பங்களாவின் கருங்கல் படிகள் என்று மழை விட்டுப்போன பாசியையெல்லாம் அரை நாளில் வழித்து எடுத்துவிடும். கூரை விளிம்புக்கு அடியில் தொங்கும் ஒட்டடையின் கதை வேறு. தண்ணீர் பட்டவுடன் மறைந்தது போலத்தான் தெரியும். சுவர் காய்ந்ததும் பாருங்கள்: சாம்பல் நிறத்தில், நெளிநெளியான கோடுகளாக அதே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாசியையே பெயர்க்கிற மெஷின் இந்த நூலிடம் ஏன் தோற்கிறது?

மெஷினுக்குப் பலம் குறைவு என்று சொல்லிவிட முடியாது. 100 பார் அழுத்தத்தில் தள்ளப்படும் நீர், கணக்குப்படி செக்கனுக்கு ஏறக்குறைய 140 மீற்றர் வேகத்தில் நொசிலை விட்டு வெளியேறும். மணிக்கு 500 கிலோமீற்றர். ஆனால் அது நொசிலின் வாயில் உள்ள வேகம். 25 பாகை விரியும் நொசில் என்றால், 30 சென்ரிமீற்றர் தூரத்தில் நீர் 13 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பரவியிருக்கும். 2 மீற்றர் தூரத்தில் அதே நீர் கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றருக்குப் பரவி, காற்றில் உடைந்து துளிகளாகியும் விடும். முற்றத்தில் நின்று கூரை விளிம்புக்கு அடித்தால் மேலே போய்ச் சேர்வது நல்ல மழைதான், வேறொன்றுமில்லை.

கிட்டப் போய் அடித்தாலும் சிக்கல் தீராது. பாசிக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. அதனால் அடி முழுவதையும் அது வாங்கித்தான் ஆக வேண்டும். வலைக்குப் பின்னால் இருப்பது வெறும் காற்று. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமன் உள்ள நூல், நீர் போகும் பக்கமே வளைந்து போய்விடும். அறுந்தால் ஒரு முனை விடுபடும். மறுமுனை சுவரைப் பிடித்தபடியே இருக்கும்.

அந்தப் பிடிமானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிலந்தி ஒரே வகை நூலை மட்டும் நூற்பதில்லை. வயிற்றுக்குள் வெவ்வேறு சுரப்பிகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு புரதம். தொங்கி இறங்க ஒரு நூல், முட்டையைச் சுற்ற இன்னொன்று, நூலைச் சுவரில் ஒட்டுவதற்கென்றே மற்றொன்று. இந்தக் கடைசி வகையை உருப்பெருக்கியில் பார்த்தால், நூலின் அடியைச் சுற்றிப் பசையில் தோய்ந்த நுண்ணிழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பரவி, ஒரு சிறிய வெள்ளைத் திட்டாகத் தெரியும். சொரசொரப்பான சீமெந்துப் பூச்சின் குழிகளுக்குள் இந்தப் பசை இறங்கி உறைந்துவிடுகிறது. தண்ணீர் அதைக் கரைக்காது.

அடுத்தது மலையகத்துக்கே பொருந்துகிற விடயம், மூடுபனி. சிலந்தியின் இழுநூல், அதாவது அது தொங்கி இறங்கும் நூல், ஈரம் பட்டால் சுருங்கும். புரதச் சங்கிலிகளை விறைப்பாக நீட்டிப் பிடித்திருக்கும் ஐதரசன் பிணைப்புகளுக்குள் நீர் புகுந்து அவற்றைத் தளர்த்துவதால், சங்கிலிகள் மடங்கிக்கொள்கின்றன. முனை விடுபட்ட நூல் பாதி நீளத்துக்குக்கூடச் சுருங்கலாம். இதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடத் தேவையில்லை, காற்றின் ஈரப்பதன் 70 சதவீதம் தாண்டினாலே போதும். ஹட்டனிலோ அப்புத்தளையிலோ விடியற்காலையில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இரு முனையும் கட்டப்பட்ட நூல் சுருங்க வழியில்லாமல் இறுகுகிறது. பனித்துளிகளின் பாரத்தில் வலை தொய்யாமல் இருக்க இது உதவுகிறது என்று ஒரு கருத்து உண்டு. நமக்கு அது உபத்திரவம்: நாம் அறுத்துவிட்ட நூல்கள் நனைந்து, சுருண்டு, சிக்காகி விடுகின்றன.

அப்புறம் அந்தச் சிக்கை நீரே சுவரில் ஒட்டவைக்கிறது. குளித்ததும் தலைமுடி நெற்றியில் அப்பிக்கொள்ளுமே, அதே பரப்பிழுவிசை. நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் இரண்டையும் நெருக்கி இழுக்கும். காயும்போது வலையிலிருந்த தூசி, புகைக்கரி, பூச்சி இறக்கை எல்லாம் நூலோடு சேர்ந்து சுவரில் படிந்துவிடும். விறகடுப்புப் புகை படிந்த லயத்துச் சுவர்களில் இந்தக் கோடுகள் கறுப்பாகவே விழும்.

ஆகவே இது ஈர வேலை அல்ல, காய்ந்த வேலை. தண்ணீர்க் குழாயைத் தொடுவதற்கு முன் ஒட்டடைக்கோல். இல்லாவிட்டால் தும்புத்தடியை நீளக் கம்பில் கட்டிக்கொள்ளலாம். அதையும் பனி விலகாத காலையில் செய்யாமல், வெயில் ஏறி வலை உலர்ந்த பிறகு செய்வது நல்லது. தட்டுவதைவிடக் கோலை உருட்டுவது மேல். உருட்டும்போது நூல் தும்பில் சுற்றிக்கொள்வதோடு, ஒட்டுத்திட்டின் மேல் விசை ஓரத்திலிருந்து விழுகிறது. நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும் பசை, ஓரத்திலிருந்து உரித்தால் சுலபமாக விட்டுக்கொடுக்கும். இறுக்கமாக நெய்த முட்டைப்பைகளைத் தட்டையான கத்தியால் சுரண்ட வேண்டும். ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கலாம் என்பதால், இதைத் தவறவிட்டால் சில வாரங்களில் புது வலைகள் வந்துவிடும்.

மெஷினுக்கு வேலை அதன் பிறகுதான். கொஞ்சம் சலவைத் திரவம் கலந்தால் பரப்பிழுவிசை குறைந்து, மிச்சமிருக்கும் நூல்கள் சுவரில் அப்பாமல் வழிந்துபோகும்; சவர்க்காரம் நூலைக் கரைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஒட்டடைக்காக அழுத்தத்தைக் கூட்டுவது வீண். சுண்ணாம்புப் பூச்சும் பழைய சுண்ணாம்புச் சாந்தும் வலைக்கு முன்பே பெயர்ந்துவிடும். கூரை விளிம்புக்கு அடியில் மேல்நோக்கி அடித்தால் தகர இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். அஸ்பெஸ்டஸ் கூரையில் இந்த மெஷினை வைக்கவே கூடாது, ஏனென்றால் அது சுவாசத்துக்கு ஆபத்தான நார்களைப் பெயர்த்து விடும்.

எல்லாச் சிலந்தியும் இந்தத் தொல்லையைத் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வட்ட வலை கட்டும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தாமே தின்று, அந்தப் புரதத்தில் புதிய வலை நூற்பவை. சுவர் மூலையில் ஒட்டடை சேர்ப்பது பெரும்பாலும் நீண்ட மெல்லிய கால்களோடு, தொட்டால் உடம்பைக் கிறுகிறுவென்று ஆட்டுமே, அந்த வகைதான். அது பழையதை அகற்றாமல் மேலும் மேலும் நூலைச் சேர்த்துக்கொண்டே போகும். வாசல் விளக்கைச் சுற்றித்தான் அதற்கு இரை அதிகம். வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போட்டால் பூச்சி குறைவாக வரும், வலையும் அவ்வளவு சீக்கிரம் கட்டாது.