மெடிவாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

நோயாளியை விமானத்தில் கொண்டுசெல்லும்போது செய்திகளில் ‘ஏர் ஆம்புலன்ஸ்’ என்ற பெயரே வருகிறது. விமானியும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் புழங்கும் சொல்லோ ‘மெடிவாக்’. முன்னது ஊர்தியின் பெயர், பின்னது அவ்வூர்தி அந்நேரத்தில் ஏற்றிருக்கும் பணியின் பெயர்.

இலத்தீனில் ‘ஆம்புலாரே’ என்றால் நடத்தல். படையோடு இடம்பெயரும் மருத்துவமனையைப் பிரெஞ்சு மொழியில் ‘நடமாடும் மருத்துவமனை’ என்று வழங்கினார்கள். அத்தொடரின் ‘நடமாடும்’ என்ற பாதியே பிற்பாடு ஆம்புலன்ஸ் ஆயிற்று. பின்னாளில் நெப்போலியனின் படை மருத்துவராக விளங்கிய தொமினிக் லாரே, 1790களில், காயம்பட்டவர்களைக் களத்திலிருந்தே விரைந்து எடுத்துவரக் குதிரை வண்டிகளை அமைத்து, அவற்றுக்குப் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று பெயரிட்டார். விமானம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதற்குரிய பெயர் பிறந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மருத்துவம், அப்புறப்படுத்தல் ஆகிய பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு ‘மெடிவாக்’. இரண்டாவதன் வேர்ப்பொருள் ‘வெறுமையாக்குதல்’. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மருத்துவ வெளியேற்றம்’ என்று எழுதினால், நோயாளியை யாரோ வெளியே அனுப்பிவிட்டதுபோல் ஒலிக்கும்.

பறப்புத் திட்டப் படிவத்தின் 18ஆம் கட்டத்தில், உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ‘மெடிவாக்’ என்றும், மருத்துவ அதிகாரிகள் அறிவித்த பிற மருத்துவப் பணி என்றால் ‘ஹாஸ்ப்’ என்றும் குறிக்கிறார்கள். இந்த ஒரு சொல் வேறுபாட்டுக்குப் பெரிய விளைவு உண்டு: ஐரோப்பாவில் நெரிசலால் விமானங்களைத் தரையில் நிறுத்திவைக்கும்போது, முதற்குறி பெற்றது தானாகவே விலக்குப் பெறும்; இரண்டாவது பெறாது. தரையிறங்கும் வரிசையில், இயந்திரக் கோளாறோ எரிபொருள் குறைவோ உள்ள விமானத்துக்கு முதலிடம் தரும் பன்னாட்டு நடைமுறை, அவசர சிகிச்சை வேண்டிய நோயாளியைச் சுமந்து வருவதை அதற்கு அடுத்து வைக்கிறது.

கண்காணிப்பிலும் இப்பணி தனியே தெரியும். விமானம் தன் இருப்பிடத்தை நொடிக்கு ஏறத்தாழ இருமுறை தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி முறையில், மருத்துவப் பறப்பு என்று அறிவிக்கவே ஒரு குறியீடு இருக்கிறது. தாழப் பறந்து மலைமறைவில் ரேடாருக்குத் தப்பிவிடும் ஹெலிகாப்டர்களைச் செயற்கைக்கோள் வழியாகவும் பின்தொடர்கிறார்கள்.

தமிழுக்கு வருவோம். இலங்கையில் ஆம்புலன்ஸை ‘நோயாளர் காவு வண்டி’ என்கிறார்கள். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். எவ்வளவு பொருத்தமான வினை! ஆனால் தமிழ்நாட்டில் ‘காவு’ என்றதும் பலியே நினைவுக்கு வருவதால், ‘நோயாளர் வானூர்தி’ என்பது ஊர்திக்கு இரு கரையிலும் செல்லும். பணிக்கு அப்பெயர் போதாது. அமெரிக்க நடைமுறையில் விபத்திடத்துக்கு விரையும் ஹெலிகாப்டரும், மாற்று அறுவைக்கான உறுப்பை ஏந்திவரும் விமானமும்கூட மெடிவாக்தான். இரண்டிலும் அந்நேரத்தில் நோயாளி இல்லை. ஆதலால் ‘உயிர்காப்புப் பறப்பு’ என்பதே என் பரிந்துரை. ‘உயிர்காப்புப் பறப்புக்கு ஓடுபாதையில் முன்னுரிமை தரப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அதே நோயாளர் வானூர்தி மற்ற விமானங்களோடு வரிசையில் காத்திருக்கும்.