அழைப்பு ஒருவருக்கு, விலை வீட்டுக்கே

வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கு, கடவுள் அழைக்கிறார், போகலாமா என்று ஆலோசனை கேட்க வருபவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். ராஜினாமா தேதிகூடக் குறித்தாகியிருக்கும். குடும்ப ஆலோசகரான என்னிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: மனைவியைச் சம்மதிக்க வைத்துத் தர வேண்டும்.

அப்படி வந்த ஒருவர் (அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஊழியம் செய்தே ஆக வேண்டும் என்று தன் மனதை அழுத்தும் பாரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பேச்சில் போலித்தனம் துளியும் இல்லை. பக்கத்தில் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்றேன். "அவர்கிட்ட கர்த்தர் பேசிட்டார் சிஸ்டர். நான் வேண்டாம்னு சொன்னா கர்த்தருக்கே விரோதமா நிக்கிற மாதிரி ஆயிடுமே." வீட்டுக் கடன் யார் பேரில் என்று கேட்டேன். மனைவி பேரில். மாதத் தவணை எவ்வளவு என்பது கணவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. 1793-ல் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மனைவி டாரதி முதலில் மறுத்தார். அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. பயணம் தள்ளிப்போய், கைக்குழந்தையோடு இருந்தவரை மறுபடி வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று கிளம்பினார். மறுவருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் டாரதியின் மனம் கலங்கியது. கணவர்மீது ஆதாரமற்ற சந்தேகம், ஆவேசம். 1807-ல் இறக்கும்வரை அவர் தேறவே இல்லை. இதற்கு நடுவில்தான் 1801-ல் கேரி மொழிபெயர்த்த வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. கேரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்நாளில் இந்த நோய்க்குப் பலனுள்ள மருத்துவம் ஏது? ஆனால் நான் கேட்ட மிஷனரி பிரசங்கங்களில் 1801 வரும், 1807 வராது.

என் அறையில் பைபிளின் லூக்கா 14:26 அடிக்கடி ஒலிக்கும்: தகப்பனையும் தாயையும் மனைவியையும் வெறுக்காதவன் சீஷனாக முடியாது. இரண்டு வசனம் தள்ளி, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று அதே இயேசு கேட்கிறார். மாற்கு 7-ஐ யாரும் எடுப்பதே இல்லை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் அங்கே கண்டிக்கிறார். அப்போஸ்தலன் பவுலும் கொரிந்துவில் கூடாரம் செய்யும் தொழிலைச் செய்துகொண்டேதான் ஊழியம் செய்தார். வேலையை விட்டால்தான் அழைப்பு என்று யார் சொன்னது?

ஆகவே நான் பென்சிலைக் கையில் கொடுத்து விடுகிறேன். கடன், பெற்றோரின் மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். அனுப்பும் சபை மாதம் என்ன தரும், எத்தனை வருடத்துக்கு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்பதையும் எழுத்தில் வாங்கச் சொல்வேன். கேட்கச் சிலருக்குக் கூச்சம். "விசுவாசக் குறைவா நினைப்பாங்களே?" என்பார்கள். நினைக்கட்டும்.

பிள்ளைகளின் பாடு தனி. "போதகர் பிள்ளை இப்படிச் செய்யலாமா?" என்ற வாக்கியத்தைக் கேட்டே வளர்கிறவர்கள் அவர்கள்.

ஊழியத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் ஒன்று: தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையைத் தள்ளிப்போட ஜெபத்தைக் காரணம் காட்டாதீர்கள் என்கிறேன்.

மனைவி தயங்கினால் அது மறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கடன் முடியட்டும், மாமியாரின் ஆபரேஷன் ஆகட்டும் என்பதாகவும் இருக்கலாம். அதை அவர் பயமில்லாமல் சொல்ல, கணவர் இல்லாமல், சபையைச் சேராத ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேச விடுங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகு போகட்டும்.