நடிகரின் முகத்துக்குள் இரண்டு பாதைகள்

ஒரு படத்தில் கொலைகாரனாக நடுங்க வைத்தவர், அடுத்த படத்தில் அப்பாவித் தகப்பனாக வந்து கண்கலங்க வைக்கிறார். ஒப்பனையும் உடையும் உதவும்தான். ஆனால் பெரிய வேலை தசையிலும் நரம்பிலும் நடக்கிறது.

சிரிப்பையே எடுத்துக்கொள்வோம். கேமராவுக்காகச் சிரிக்கும்போது மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதி கட்டளை போடுகிறது. தானாகப் பொங்கும் சிரிப்புக்கு வேறு பாதை. உணர்ச்சிகளோடு தொடர்புள்ள ஆழமான பகுதிகளும் அதில் சேர்கின்றன. பக்கவாதம் வந்த சிலரிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சிரிக்கச் சொன்னால் வாயின் ஒரு பக்கம் அசையாது. நல்ல நகைச்சுவையைக் கேட்டால் இரண்டு பக்கமும் மலர்ந்துவிடும்!

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து, 1862-ல் ஒரு நூல் வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நம் சொல் கேட்கும், கண்ணைச் சுற்றிய தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கு மட்டுமே சுருங்கும் என்றார். அது முழுக்கச் சரியில்லை. அந்தத் தசையையும் வேண்டுமென்றே சுருக்கப் பலரால் முடியும் என்று பின்னாளில் தெரிந்தது.

அப்புறம் நடிகர் எப்படித்தான் அழுகிறார்? சிலர் தங்கள் பழைய துயரத்தை நினைத்துக்கொள்வார்கள். சிலர் முகத்தையும் மூச்சையும் முதலில் மாற்றுவார்கள். உணர்ச்சி பின்னால் வரும். இரண்டாவது வழி வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் குழு 1983-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் தொழில்முறை நடிகர்களே பங்கேற்றார்கள். எந்த உணர்ச்சி என்று சொல்லாமல், 'புருவத்தை இறக்குங்கள், உதட்டை இறுக்குங்கள்' என்று தசை தசையாகச் சொன்னார்கள். கோப முகமும் பய முகமும் வைத்தபோது, மகிழ்ச்சி முகத்தைவிட இதயத் துடிப்பு அதிகமாக ஏறியது. உடம்பு பாத்திரத்துக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

முகத்தை மட்டும் கவனிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பேன். 1970-களில் ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், ஒருவரின் மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி இருட்டில் நடக்க வைத்தார். அந்தப் புள்ளிகள் அசைந்ததுமே, ஒரு மனிதர் நடக்கிறார் என்று பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். நண்பர்களின் நடையைக்கூட இப்படி ஓரளவு அடையாளம் காண முடியும் என்று அடுத்து வந்த ஆய்வுகள் சொல்லின. அதனால்தான் கைதேர்ந்த நடிகர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடையை மாற்றுகிறார். தோள் சாய்வு, காலடியின் நீளம், உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது வரை மாறும்.

குரலும் அப்படித்தான். குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கினால் ஒலி வரும் பாதை நீள்கிறது. அதே மனிதர், இன்னும் பெரிய உடம்புக்காரர் பேசுவதுபோலக் கேட்கிறார்.