மீல்மேக்கரும் தைராய்டு மாத்திரையும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை எட்டாது. அப்புறம் என்ன, குழம்பில் மீனுக்குப் பதில் சோயாவில் செய்த மீல்மேக்கர்தான். என்னிடம் வருகிறவர்களின் கேள்வியும் அதையொட்டியே இருக்கும். "சோயா தின்னா மார்புல கட்டி வருமாமே டாக்டரம்மா?" "ஆம்பளைப் பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாக."

இந்தப் பயத்துக்குக் காரணம், சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரச் சேர்மங்கள். உருவில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்தவை என்பதால், உடலில் அந்த ஹார்மோன் ஒட்டும் அதே இடங்களில் (ஏற்பிகளில்) போய் ஒட்டும். ஆனால் வீரியம் மிகக் குறைவு. 2009-ல் வெளியான ஷாங்காய் ஆய்வு, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சுமார் 5000 பெண்களைப் பின்தொடர்ந்தது. சோயா உணவை அதிகம் உண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதாகவும், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளில் தெரியவில்லை. மாமியார் நிம்மதியாக இருக்கலாம்.

உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம். கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். 3, 4 சதவீதம்தான், அதிசயம் எதுவும் இல்லை.

நான் கவலைப்படுவது தைராய்டு மாத்திரை போடுகிறவர்களைப் பற்றித்தான். அந்த மருந்தைக் குடல் உறிஞ்சுவதைச் சோயா குறைத்துவிடும். மாத்திரை போடும் விடிகாலையில் யாரும் மீல்மேக்கர் சாப்பிடுவதில்லையே என்பீர்கள். சரி, சத்துமாவுக் கஞ்சி? பல சத்துமாவுகளில் சோயா உண்டு. பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா, கடலுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாத்திரையைப் போட்ட கையோடு கஞ்சியையும் குடித்துவிடுவார். தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் கூடும் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போனது. மாத்திரையின் அளவைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றினோம்: இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். இறங்கியிருந்தது. காலையில்தான் போடுவேன் என்பவர்கள் சோயாவுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இன்னொன்று உப்பு. அயோடின் போதாத உடலில்தான் ஐசோஃப்ளேவோன் தைராய்டுச் சுரப்பிக்குத் தொல்லை தரும். கடல்மீனில் அயோடின் இருக்கிறது. மீனும் குறைந்து, உப்பளத்திலிருந்து நேராக வந்த அயோடின் சேர்க்காத கல்லுப்பையும் போட்டுச் சமைத்தால் இரண்டு வழியும் அடைபடும். தடைக்காலத்திலாவது அயோடின் உப்புப் பாக்கெட் வாங்குங்கள்.

கைக்குழந்தைக்கு, மருத்துவர் சொன்னாலொழிய, சோயாப் பால்மாவு வேண்டாம்.

கேப்சூல் விஷயம் தனி. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல்சூட்டுக்கு ஐசோஃப்ளேவோன் கேப்சூல் விற்கிறார்கள். சிலருக்குச் சூடு கொஞ்சம் தணியலாம். ஆனால் பிழிந்தெடுத்த சத்து ஒரே வீச்சில் உள்ளே போகிறது. குழம்பில் கிடக்கும் நாலு உருண்டைக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதற்கான தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டப்பாவைப் பிரிக்கும் முன் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.