பெரிய ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதற்குள் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், கீழ் ஸ்தாயி ஒலிக்கு 15 அங்குல வூஃபரும், மேலே மற்ற ஒலிக்குக் குழல் வடிவ ஹார்னுமாக நின்றன. பணி ஓய்வில் வந்த பணத்தில் வாங்கியிருந்தார் அந்தப் பெரியவர். "கச்சேரி கேட்கத்தான் வாங்கினேன் சார். மிருதங்கம் தவில் மாதிரி முழங்குது, பாடுறவர் குரல் எங்கேயோ தனியா நிக்குது" என்றார். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீடுகளில் பாட்டுக் கேட்கும் அறை அமைத்துத் தருவது என் தொழில். சென்ஸிட்டிவிட்டி அதிகமுள்ள பெரிய ஸ்பீக்கர்கள் மேல் எனக்கும் தீராத பிரியம் உண்டு. ஆனால் அவற்றை எதற்காக வாங்குகிறோம் என்பதில் பலருக்குத் தெளிவில்லை. சத்தமாகக் கேட்கத்தான் என்று நினைக்கிறார்கள்.

1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறதோ, அதுதான் சென்ஸிட்டிவிட்டி. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. அதாவது 87 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் செய்வதை 97 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்ஸில் செய்துவிடும். சாதாரண ஸ்பீக்கர்கள் வாங்கும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை, மற்றதெல்லாம் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகவே போகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தில் சட்டென்று விழும் ஒரு பலமான அடி, அதற்கு முன் ஓடிய மெல்லிய சொற்களைவிடப் பல டெசிபல் மேலே எழும்பும். அந்த ஒரு கணத்துக்கு, ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்பிடம் (ஆம்ப்ளிஃபயர்) சக்தி கையிருப்பு வேண்டும். சென்ஸிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கர் அதைச் சிரமமில்லாமல் தருவதால், மெதுவாக வைத்துக் கேட்கும்போதும் அடி அடியாகவே கேட்கிறது. 8 வாட்ஸ் மட்டுமே தரும் பழைய பாணி வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதை உடனே உணர்வார்கள்.

விவரத் தாளில் அச்சிட்ட சென்ஸிட்டிவிட்டி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு அதுவே 2 வாட். அங்கேயே 3 டெசிபல் கூடிவிடும். ஓம் எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, ஏன் இவ்வளவு பெரிய பெட்டி? சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி), அதிக சென்ஸிட்டிவிட்டி மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் சேராது. ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இதைச் சொல்வார்கள். அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷார்ன் என்ற பெரிய ஸ்பீக்கர், வீட்டு மூலையின் இரண்டு சுவர்களையே ஹார்னின் நீட்சியாக எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் ஃபிளாட்டில் அப்படி இரண்டு காலி மூலைகள் எங்கே இருக்கின்றன? ஒன்றில் கதவு இருக்கும், இன்னொன்றில் பீரோ.

இனி அந்த மாம்பலம் அறை. அகலம் பத்தடி, கூரை உயரமும் ஏறக்குறைய பத்தடி. பத்தடி இடைவெளியில் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 57 அதிர்வு) ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும், அதன் இரட்டிப்பான 114-லும் தேங்கும். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு தேக்கமும் ஒரே ஹெர்ட்ஸில் விழுகின்றன. நம்முடையது செங்கலும் கான்கிரீட்டும்; பலகைச் சுவர் வீடுகளில் பேஸ் ஓரளவு கசிந்து வெளியே போய்விடும், இங்கே அவ்வளவாகப் போவதில்லை. மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியில் விழும் அடி அந்த ஹெர்ட்ஸ்களில் வந்தால் நீண்டு முழங்கத்தான் செய்யும். ஒரு அங்குல ஃபோம் ஒட்டினால் தீரும் என்று யாரோ சொல்லி அவர் ஒட்டியும் இருந்தார். அது மேல் ஸ்தாயியைத்தான் உறிஞ்சும். வயலினின் பளபளப்பு போயிற்று, முழக்கம் அப்படியே இருந்தது.

குரல் தனியாக நின்றதற்குக் காரணம் வேறு. அவர் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இத்தனை பெரிய பெட்டியில் ஹார்னும் வூஃபரும் கலந்து ஒரே ஒலியாக வர, நான் பார்த்தவரை பத்துப் பன்னிரண்டு அடியாவது வேண்டும்.

ஸ்பீக்கர்களைப் பன்னிரண்டுக்கு இருபது அடி ஹாலுக்கு மாற்றினோம். மூலையிலிருந்து மூன்றடி வெளியே இழுத்தோம், சோபாவைப் பின்சுவரிலிருந்து நகர்த்தினோம், பவானி ஜமக்காளம் ஒன்றை முன்னால் விரித்தோம், புத்தக அலமாரியைப் பக்கச் சுவருக்குக் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலம் தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹால் இல்லாதவர்களுக்கு என் யோசனை: பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் என்றால் 90 டெசிபல் சென்ஸிட்டிவிட்டி அளவில் சின்ன ஸ்பீக்கரே போதும். ஆறேழு அடி தூரத்தில் கேட்பவருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

பழைய பெரிய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் கடற்கரைப் புழுக்கத்தில் வருடங்கள் போகப்போக உதிர்ந்துவிடும். துணி விளிம்பு நின்று உழைக்கும்.

காது விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சின்ன ஸ்பீக்கர் சத்தம் கூடினால் கரகரத்து எச்சரிக்கும். இவை கரகரக்காது, 100 டெசிபலிலும் இனிமையாகவே பாடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100-க்கு வந்தால் கால் மணி நேரம்தான். போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றை இறக்கி, வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியம் இல்லாவிட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவையும் உங்கள் ஆம்ப்பையும் எடுத்துப் போங்கள். முதலில் மெதுவாக வைத்துக் கேளுங்கள். பாட்டை நிறுத்தி ஹார்னுக்குக் கிட்டே காதை வையுங்கள். உங்கள் ஆம்ப்பின் இரைச்சல் அங்கே கேட்டால் வீட்டிலும் கேட்கும். அப்புறம் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கட்டட லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள். மாம்பலத்தில் அந்த இரண்டு பெட்டிகளையும் நான்கு பேர் மூன்று மாடி படியில் தூக்கித்தான் ஏற்றியிருக்கிறார்கள்.